முடியாது என்றவரும் கணக்குக் கேட்டவரும்

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயது. பி.காம். படித்துவிட்டு காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 23,000 ரூபாய். வாடகையும் சேர்த்து வீட்டுச் செலவு 19,000. அம்மா, மனைவி, நான்கு வயது மகள். கையிருப்பு 90,000. மனைவியிடம் ஐந்து பவுன் நகை இருக்கிறது. கடன் எதுவும் இல்லை.

'தி பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்' என்ற ஆங்கிலப் படத்தைக் கல்லூரிக் காலத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். மனம் சோர்ந்தால் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். இப்போது சென்னையில் ஒரு நிறுவனம் பங்குச் சந்தை, முதலீடு பற்றி ஆறு மாதப் பயிற்சி தருகிறது. சம்பளம் கிடையாது. பயிற்சிக் கட்டணம் 60,000 ரூபாய். முடிவில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு வேலை என்கிறார்கள். அந்தப் படமே என் வாசலுக்கு வந்ததுபோல் இருக்கிறது. நகையை அடகு வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். மைத்துனர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார். முடியாது என்று யார் சொன்னாலும் கேட்காதே என்பதுதான் அந்தப் படம் எனக்குக் கற்றுத்தந்த பாடம். மனைவிக்கும் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் அழுதாள். அந்தப் பையனை நினைத்து அழுததாகச் சொன்னாள். போகலாம் என்றோ வேண்டாம் என்றோ எதுவும் சொல்லவில்லை. ஒரு படத்தை நம்பி முடிவெடுப்பது தவறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

ஆடிட்டரின் பதில்:

அன்புள்ள தம்பி,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 60,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். நகையை அடகு வைக்க வேண்டாம். ஆனால் முதலீட்டுத் துறைக்குப் போகவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடாதீர்கள். இவற்றையெல்லாம் நான் சொல்வதற்கு ஆதாரம் நீங்கள் நம்பும் அதே படத்தில் இருக்கிறது.

எனக்கும் அந்தப் படம் மிகவும் பிடிக்கும். என்னிடம் தணிக்கை பழக வரும் பிள்ளைகளை அதைப் பார்க்கச் சொல்வதுண்டு. பார்க்காத வாசகர்களுக்காகச் சில வரிகள். கிறிஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைத் தழுவி 2006 டிசம்பரில் வெளிவந்த படம். வில் ஸ்மித்தும் அவருடைய சொந்த மகன் ஜேடனும் அதில் தந்தையும் மகனுமாக நடித்தார்கள். 1981ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ நகரம். வியாபாரத்தில் நொடித்துப்போன ஒருவர், மனைவி பிரிந்துபோன பிறகு, ஐந்து வயது மகனை வைத்துக்கொண்டு ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் பயிற்சி பெறுகிறார். இருபது பேரில் ஒருவருக்குத்தான் வேலை. நடுவில் தங்க இடமில்லாமல் போகிறது. ரயில் நிலையக் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு மகனோடு ஓர் இரவைக் கழிக்கிறார். தேவாலயம் நடத்தும் விடுதியில் படுக்கைக்காக வரிசையில் நிற்கிறார். கடைசியில் வேலை அவருக்கே கிடைக்கிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற யாரைக் கேட்டாலும் அந்தக் கழிப்பறைக் காட்சியையும் கடைசிக் காட்சியையும்தான் சொல்வார்கள். நீங்கள் அதன் முதல் கால்மணி நேரத்தை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

அந்த மனிதர் ஏன் நொடித்தார்? எலும்பின் அடர்த்தியைக் காட்டும் ஒருவகை ஸ்கேனரைக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் போட்டு வாங்கிக் குவித்தார். எக்ஸ்ரேயைவிடச் சற்றே தெளிவான படம் வரும், விலையோ இரண்டு மடங்கு. டாக்டர்கள் அதை வேண்டாத செலவு என்று ஒதுக்கினார்கள். வாடகை பாக்கி விழுந்தது. காரைக் கண்ட இடத்தில் நிறுத்தியதற்கான அபராதச் சீட்டுகள் சேர்ந்தன. கார் பறிபோயிற்று. அதே அபராதப் பாக்கிக்காக, வேலைக்கான நேர்காணலுக்கு முந்தின இரவு அவர் காவலில் இருக்க நேர்ந்தது. சுவருக்குப் பெயிண்ட் அடித்த கறையோடு அவர் நேர்காணலில் உட்கார்ந்த காட்சியை எல்லாரும் துணிச்சலின் அடையாளமாகச் சொல்கிறார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. அந்தச் சின்னச் சின்ன அபராதங்களை அன்றன்றைக்குக் கட்டியிருந்தால் அவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்காது என்பதும் அதே காட்சியில் இருக்கிறது.

ஆக, தம்பி, அவர் பயிற்சிக்குப் போனதால் குடும்பம் தெருவுக்கு வரவில்லை. விசாரிக்காமல் ஒரே சரக்கில் மொத்தப் பணத்தையும் போட்ட அன்றே அதற்கு வழி திறந்துவிட்டது. பயிற்சியில் சேர்ந்தபோது இழப்பதற்கு அவரிடம் ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை. உங்களிடம் சம்பளம் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, நகை இருக்கிறது, கடன் இல்லை. நீங்கள் உங்களைப் பயிற்சிக்குப் போகும் கார்ட்னராகப் பார்க்கிறீர்கள். எனக்கு நீங்கள் ஸ்கேனர் வாங்கக் கிளம்பும் கார்ட்னராகத் தெரிகிறீர்கள். எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஒரு கணக்குக்காரனாக என் வயிற்றைக் கலக்கும் இன்னொரு காட்சியும் இருக்கிறது. மிச்சமிருந்த ஸ்கேனர்களை வார இறுதிகளில் ஒவ்வொன்றாக விற்று, பயிற்சிக் காலத்தை ஒருவழியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். அப்போது செலுத்தாத வரிக்காக அரசாங்கம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறது. கணக்கில் மிஞ்சியது 21 டாலரும் சில்லறையும். அதன் பிறகுதான் தங்கியிருந்த அறையும் போய், அந்தக் கழிப்பறை இரவு வருகிறது. வரிப் பாக்கியை மறந்துவிட்டு விதியைக் குறைசொல்கிறவர்களை என் தொழிலில் நிறையவே பார்க்கிறேன்.

அவருடைய மனைவியைப் பற்றியும் சொல்லவேண்டும். படம் பார்க்கிறவர்கள் பலருக்கு அவளைப் பிடிப்பதில்லை. கஷ்டகாலத்தில் கணவனை விட்டுப் போய்விட்டாள் என்பார்கள். ஸ்கேனர் விற்காத மாதங்களில் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்து அந்தக் குடும்பத்தைத் தாங்கியவள் அவள்தான். அவள் கேட்ட கேள்விகள் எல்லாமே நியாயமான கேள்விகள். அவள் பிரிந்துபோனது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு குடும்பம் எந்த இடத்தில் முறிகிறது என்பதைப் படம் நேர்மையாகக் காட்டுகிறது. அங்கே முறித்தது வறுமை மட்டும் இல்லை. தன் உழைப்பையும் சேர்த்துப் பணயம் வைக்கிறவன் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற எண்ணமும் சேர்ந்து முறித்தது.

உங்கள் மனைவி அந்தப் பையனை நினைத்து அழுததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்ட வரி அதுதான். உங்கள் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்கள். அவர் சொல்லிவிட்டார், தம்பி. நீங்கள் திரையில் தந்தையைப் பார்த்தீர்கள். அவர் மகனைப் பார்த்தார். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் கையிலிருந்த பொம்மை கீழே விழுந்து, அதை எடுக்க முடியாமல் அந்தப் பிள்ளை அழும் காட்சி நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டிலும் நான்கு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. தந்தையின் துணிச்சலுக்கு விலை கொடுக்கப்போவது யார் என்பதை உங்கள் மனைவி உடனே கண்டுகொண்டார்.

அடுத்து, உங்கள் பாடத்துக்கு வருகிறேன். கூடைப்பந்து ஆடும் இடத்தில் வரும் காட்சி அது. உனக்கு இந்த ஆட்டம் பெரிதாக வராது என்று தந்தையே மகனிடம் சொல்லிவிடுகிறார். பிள்ளையின் முகம் வாடியதும் மனம் நொந்து, முடியாது என்று யாரையும் சொல்லவிடாதே, என்னையும்கூட, என்கிறார். ஒரு பிள்ளையின் திறமைக்குக் கதவடைக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது. உங்கள் மைத்துனர் உங்கள் திறமையைப் பற்றி ஏதாவது சொன்னாரா? கடிதத்தில் அப்படி இல்லை. ஆறு மாதம் வீட்டில் உலை கொதிப்பதற்கு என்ன வழி என்பதுதான் அவருடைய கவலையாக இருக்கும். பைத்தியக்காரத்தனம் என்ற சொல் கடுமையானதுதான். தங்கையின் நகை அடகுக்கடைக்குப் போவதைக் கேட்கும் அண்ணனுக்கு அவ்வளவு கோபம்கூட வரக்கூடாதா? முடியாது என்கிறவரையும் கணக்குக் கேட்கிறவரையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். முன்னவரைப் பொருட்படுத்தாமல் போகலாம். பின்னவருக்கு எண்களோடு பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த எண்களை நானே போட்டுப் பார்த்தேன். ஆறு மாத வீட்டுச் செலவு 1,14,000. சென்னையில் உங்கள் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,000 என்று சிக்கனமாக வைத்தாலும் 54,000. கட்டணம் 60,000. மொத்தம் 2,28,000. கையிருப்பு 90,000 போக, துண்டு விழுவது 1,38,000. இந்தக் கடனோடும் வட்டியோடும்தான் ஏழாவது மாதம் தொடங்கும், அதுவும் வேலை கிடைத்தால். கிடைக்காவிட்டால்? படத்தில் இருபது பேர் பயிற்சியில் சேர்ந்தார்கள். மீதிப் பத்தொன்பது பேரும் ஆறு மாதம் உழைத்தவர்கள்தான். ஏழாவது மாத வாடகையை அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று படம் சொல்லவில்லை. அது ஒருவருடைய கதை, அப்படித்தான் சொல்ல முடியும். நீங்கள் முடிவெடுக்கும்போது அந்தப் பத்தொன்பது பேரையும் சேர்த்துத்தான் நினைக்கவேண்டும்.

இன்னொன்று, கார்ட்னர் அந்தப் பயிற்சிக்குக் கட்டணம் கட்டவில்லை. உண்மை வாழ்க்கையில் அவருக்கு ஒரு சிறு உதவித்தொகையும் இருந்தது. சம்பளமில்லை என்பது படத்துக்காகச் செய்த மாற்றம். உங்கள் சென்னை நிறுவனமோ உங்களிடம் 60,000 கேட்கிறது. ஆள் எடுக்கிற நிறுவனம் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும். ஆளிடம் பணம் வாங்குகிற நிறுவனத்துக்கு அந்தக் கட்டணமே வருமானமாக இருந்துவிடலாம். அவர்கள் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பங்குத் தரகர் என்றோ முதலீட்டு ஆலோசகர் என்றோ சொல்லிக்கொண்டால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பில் பதிவு இருக்கவேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் செபியின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. சென்ற முறை பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேருக்கு, எங்கே, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். வேலை கிடைக்காதவர் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். விலை உயர்ந்த சிவப்புக் காரிலிருந்து இறங்கிய ஒருவரிடம் கார்ட்னர் என்ன கேட்டார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். என்ன வேலை செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்கேனர் விஷயத்தில் இல்லாத விசாரணை அங்கே வந்துவிட்டது. கார்ட்னர் மாறியது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

பயிற்சிக்குள் போன பிறகு அவர் நடந்துகொண்ட முறையும் அப்படித்தான். மகனை அழைத்துவர வேண்டும் என்பதால் மற்றவர்கள் ஒன்பது மணி நேரத்தில் செய்வதை அவர் ஆறு மணி நேரத்தில் முடிக்கவேண்டியிருந்தது. ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் ரிசீவரைக் கீழே வைக்காமல் இருந்தால் நாளுக்கு எட்டு நிமிடம் மிச்சம் என்று கண்டுபிடித்தார். கழிப்பறைக்கு எழுந்து போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தார் (இதை மட்டும் நீங்கள் பின்பற்றவேண்டாம்). எட்டு நிமிடத்தை எண்ணிப் பார்க்கிற அந்தப் புத்திதான் அவரைக் கரையேற்றியது. கணக்கு எழுதுகிற உங்களுக்கு அந்தப் புத்தி புதிதா என்ன?

நம் செட்டிநாட்டுக்கும் அது புதிதில்லை. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், கடல் கடந்து போன துணிச்சலுக்குக் கிடைத்த பரிசு என்று முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வட்டிக்கடைத் தொழிலுக்காகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன பிள்ளைகள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்தவர்கள் குறைவு. கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து வட்டிக் கணக்கும் பேரேடும் பழகுவார்கள். தேறினால் அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளர். அதற்குப் பிறகுதான் கடைப் பொறுப்பு. முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டாகப் போகிறவருக்கு மூன்று வருடக் கணக்கு என்பது வழக்கம். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும் முன்பே முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். கெடு உண்டு, வீட்டுக்கு முதலில் பணம் உண்டு, கடைசியில் ஐந்தொகை என்ற வரவுசெலவு இருப்புக் கணக்கு உண்டு. அவ்வளவு ஏற்பாட்டோடுதான் அந்தத் துணிச்சல் கப்பலேறியது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டதன் வலியும் இந்த மண்ணுக்குத் தெரியும். 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த விளைநிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. நிலத்தைப் பறிகொடுத்த அந்தக் குடும்பங்களின் துயரத்தையும் நாம் மறக்கக்கூடாது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது எத்தனையோ பேர் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். பர்மா சுதந்திரம் பெற்ற பிறகு நிலம் அரசுடைமை ஆயிற்று. பர்மாவை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் வீட்டுத் தேக்குத் தூண்களையும் கதவுகளையும் விற்க நேர்ந்தது. மலேயாவிலும் இலங்கையிலும் உள்நாட்டு ஆலைகளிலும் பிரித்துப் போட்டிருந்தவர்களுக்கு ஊன்றி நிற்க ஓர் இடம் இருந்தது.

சினிமா உதாரணமே வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பனின் முதல் படம் 1935இல் தோற்றது. அடுத்த படமும் தோற்றது. படம் எடுக்க வருவதற்கு முன்பே அவருக்குக் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரம் இருந்தது. பின்னாளில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947இல் வெளிவந்து வெற்றி பெற்றது. தோல்விக்குப் பிறகும் முயற்சியை விடாதவர் என்று அவரைச் சொல்வோம். கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு அடுத்ததை முயன்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக வேண்டுமானால் என்.ஐ.எஸ்.எம். என்ற செபியின் கல்வி நிறுவனம் நடத்தும் ஐந்து-ஏ (V-A) என்ற தேர்வில் தேறவேண்டும். இரண்டு மணி நேரம், 100 கேள்விகள், 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எந்த நிறுவனத்தையும் சாராதவரும் எழுதலாம். உங்களிடம் கேட்கப்பட்ட 60,000த்தோடு ஒப்பிட்டால் அதன் கட்டணம் மிகவும் சிறியது. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். தேறிய பிறகு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். முதலீட்டு ஆலோசகர் என்று பலகை வைப்பதற்கு வேறு தேர்வுகளும் செபியின் தனிப் பதிவும் வேண்டும். அது இரண்டாம் படி, இப்போது யோசிக்காதீர்கள். கடை மூடியபின் வரும் இரவுகளில் பி.காம். படித்த உங்களால் இந்த முதல் தேர்வுக்குப் படிக்க முடியும். இந்தத் துறை உண்மையிலேயே பிடித்திருக்கிறதா, படத்தின் மேலுள்ள பிரியம்தான் இதன் மேலும் படிந்திருக்கிறதா என்பது அந்தப் புத்தகத்தோடு சில வாரங்கள் உட்கார்ந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தேறிய பிறகு காரைக்குடி, மதுரை, திருச்சியில் உள்ள வங்கிக் கிளைகளிலும் பதிவு பெற்ற தரகு அலுவலகங்களிலும் சம்பளத்தோடு உள்ள தொடக்க நிலை வேலைக்கு விண்ணப்பியுங்கள். முதலில் சம்பளம் குறையலாம். உள்ளூரில் என்றால் 19,000தான் உங்கள் வீடு தாங்கும் கீழ் எல்லை. வெளியூர் என்றால் அங்கே தங்கும் செலவையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது மாதம் மிஞ்சும் 4,000 ரூபாயைத் தொடாமல் வைத்தால் ஒரு வருடத்தில் கையிருப்பு 1,38,000 ஆகும். ஏழு மாத வீட்டுச் செலவுக்குக் காணும். அப்போது சம்பளமில்லாத ஒரு நல்ல வாய்ப்பு வந்தால்கூட, நகையைத் தொடாமல் யோசிக்கலாம்.

இதையெல்லாம் உங்கள் மனைவியோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதுவதை அவர் கையில் விடுங்கள். இந்தத் தேதிக்குள் தேர்வு, இந்தத் தேதிக்குள் வேலை, இதற்குமேல் செலவழிப்பதில்லை என்று மூன்று கெடுக்களைக் குறியுங்கள். மகளுக்கு அடுத்த வருடம் பள்ளிச் செலவு வரும், அதையும் கணக்கில் சேருங்கள். பிறகு அந்த நோட்டை மைத்துனரிடம் காட்டுங்கள்.

சென்னை நிறுவனத்தின் செபி பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.